செங்கல்ல பாத்து நிலவறைக்கு வயசு சொல்றது எப்படி? இங்கிலாந்துல பழைய வீடு, பழைய கடை வாங்குன நம்மாளுங்களுக்கு

நாரிச் ஊர்ல மளிகைக்கடை வச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் ஒரு நாள் போன் பண்ணாரு. "தம்பி, கடைக்கு அடியில செல்லார் ஒண்ணு இருக்குல்ல, வளைவா செங்கல் கூரை போட்டது, வித்தவங்க விக்டோரியா ராணி காலத்துதுன்னு (1837-1901) பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க, பக்கத்துல முடிவெட்டுற கடைக்காரரு ஐநூறு அறுநூறு வருஷம் இருக்கும்ங்கிறாரு, நீ கட்டட வேலை பாக்குற ஆளு, வந்து பாத்துச் சொல்லு"ன்னாரு. போனேன். அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கியிருந்த அந்த இடத்துல, படி இறங்குனதும் எதுக்க தெரிஞ்ச சுவரைப் பாத்துட்டு "அண்ணே, இது 1780, 1800 வாக்குல இருக்கும்ணே"ன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்துட்டேன். அது தப்பு. ரெண்டாவது தடவை போய் மூட்டையெல்லாம் நகத்தி, ஒரு மதியம் முழுக்க உக்காந்து பாத்தப்பதான் அந்த அறைக்கு ஒரு வயசு இல்ல, மூணு வயசுன்னு புரிஞ்சுது.

அந்த ரெண்டாவது தடவை என்னென்ன பண்ணேனோ அதைத்தான் வரிசையா எழுதுறேன். சிவில் படிச்சிருக்கணும்னு இல்ல, டேப் பிடிச்சு அளக்கத் தெரிஞ்சா போதும், பொறுமை வேணும். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், இங்க குடுக்குற அளவும் வருஷமும் இங்கிலாந்துக்கு, அதுலயும் கிழக்குப் பக்கம் லண்டன் நாரிச் பகுதிக்குத்தான் நல்லா பொருந்தும். நம்ம ஊர்லயும் பழைய கட்டடத்துல செங்கல் மெல்லிசா இருக்கும், அதைப் பாத்து வளந்தவங்களுக்கு "மெல்லிசுன்னா பழசு"ங்கிற கணக்கு மனசுல தானா வந்துடும். ஆனா இந்தக் கணக்கை அங்கயோ அந்தக் கணக்கை இங்கயோ போடாதீங்க, மண்ணு வேற, சூளை வேற, சட்டம் வேற.

இறங்குறதுக்கு முன்னாடி

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறைன்னா கதவைத் தொறந்து வச்சு காத்தோட விடுங்க, உடனே உள்ள போகாதீங்க, தனியா போகவே போகாதீங்க. மேல பாய்லர் இருக்குற வீடுன்னா கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு கையில இருக்கட்டும். தரையில திடீர்னு பள்ளம், புதுசா விரிசல், கூரையில கல்லு தொங்குறது இப்படி எதுனா கண்ணுல பட்டா வெளிய வந்துடுங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்த பிறகு மத்ததைப் பேசிக்கலாம். நாரிச்ல நிலத்துக்கு அடியில பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் நிறைய இருக்கு, 1988 மார்ச்ல எர்ல்ஹாம் ரோட்டுல ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸே ரோட்டுல விழுந்த பள்ளத்துல பின்பக்கமா இறங்கிடுச்சு. அதனால இதை நான் பேச்சுக்குச் சொல்லல.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: நல்ல டார்ச், மில்லிமீட்டரும் இஞ்சும் ரெண்டும் இருக்குற டேப், மெத்துனு ஒரு பிரஷ், நோட்டு, பென்சில், போன். சுத்தியும் உளியும் எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரு துண்டு பேத்துப் பாக்கணும்னு கை பரபரக்கும், செய்யாதீங்க, அந்தக் கட்டடம் லிஸ்டட் பில்டிங்கா, அதாவது பாதுகாக்கணும்னு சர்க்கார் பட்டியல்ல சேத்ததா இருந்து நீங்க அனுமதி இல்லாம அதோட தன்மை கெடுற மாதிரி கை வச்சா அது கிரிமினல் குற்றம், கட்டடம் உங்க பேர்ல இருந்தாலும் குற்றம்தான். நிலவறையும் அந்த லிஸ்ட்டிங்ல அடங்கும்.

கண்ணைப் பழக்குங்க

வயசு உறுதியா தெரிஞ்ச செங்கல்ல முதல்ல பாத்துட்டு வந்தா உங்க நிலவறையில பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நாரிச் பக்கம் இருக்கறவங்க வென்சம் ஆத்தங்கரையில நடந்தா கவ் டவர்ங்கிற பழைய கோபுரம் வரும். 1398-99-ல கட்டுனது, அந்த வருஷத்துக் கணக்கே இன்னும் இருக்கு, 36,850 செங்கல் வாங்குனாங்கன்னு அதுல எழுதியிருக்கு. டிக்கெட் கிடையாது, வெளிய நின்னே பாக்கலாம். கிட்ட போய் நின்னு ஒரு அஞ்சு நிமிஷம் கல்ல மட்டும் பாருங்க: ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஓரம் நேரா இருக்காது, ஒண்ணு நல்ல சிவப்பு ஒண்ணு ஆரஞ்சு ஒண்ணு கருப்படிச்சது, நடுவுல சாந்து விரல் தடிமனுக்கு இருக்கும். அடுத்து பிரைடுவெல் மியூசியத்துக்கு அடியில இருக்குற பழைய நிலவறை, கிங் ஸ்ட்ரீட்ல டிராகன் ஹாலுக்கு அடியில இருக்குறது, தொறந்திருக்குற நாளா பாத்து ரெண்டையும் பாத்துடுங்க. இந்த ஊர்ல மட்டும் இடைக்காலத்து (சுமாரா 1500-க்கு முந்தின) நிலவறை 60-க்கு மேல இன்னும் மிச்சமிருக்கு. காரணம் என்னன்னா, 1507-ல ரெண்டு பெரிய தீவிபத்து, 700 வீட்டுக்கு மேல எரிஞ்சு போச்சு, மேல இருந்த மரவீடெல்லாம் சாம்பல், அடியில செங்கல் வளைவு போட்டிருந்த அறை மட்டும் அப்படியே நின்னுடுச்சு, அதுக்கு மேல புது வீடு கட்டிக்கிட்டாங்க. வியாபாரிங்க சரக்கை பத்திரமா வைக்கத்தான் அதைக் கட்டுனதே. அந்த அண்ணன் அதே மாதிரி இடத்துல பொன்னி அரிசி அடுக்கி வச்சிருக்கறதைப் பாத்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, கட்டுன காரியத்துக்கே இன்னும் பயன்படுது.

லண்டன்காரங்களுக்கு க்யூ பேலஸ் இருக்கு, 1631-ல கட்டுனது. அதை ஏன் சொல்றேன்னு கீழ வரும்.

கூரையில ஆரம்பிங்க, சுவத்துல ஆரம்பிக்காதீங்க

நான் முதல் நாள் பண்ண தப்பு இதுதான். நிலவறையில சுவரை எத்தனை தடவை வேணா மாத்தலாம்: ஈரம் ஏறி முகம் உதுந்தா புதுக்கல் வச்சுக் கட்டுவாங்க, கதவை அடைப்பாங்க, படியைத் திருப்புவாங்க. தரையைப் பத்தி சொல்லவே வேணாம். ஆனா வளைவுக் கூரை அப்படி இல்ல. கீழ மரத்துல சென்ட்ரிங் அடிச்சு, ரெண்டு பக்கமும் இருந்து கல்லு ஏத்திக்கிட்டே வந்து உச்சியில முடிச்சு, சாந்து பிடிச்சப்புறம் சென்ட்ரிங்கை எறக்கிடுவாங்க. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்ல தள்ளிக்கிட்டு நிக்குது. அதுல நடுவுல பெரிய துண்டை எடுத்துட்டு வேற வைக்கறது கஷ்டம், செலவு, பயம். அதனால பெரும்பாலும் கூரைதான் கட்டுன அன்னைக்கு இருந்தபடியே இருக்கும். டார்ச்சை மேல அடிச்சா சில கூரையில அடி முகத்துல சாந்து வழிஞ்சு பலகை பலகையா கோடு விழுந்திருக்கும், சென்ட்ரிங் பலகையோட இடுக்குல பிதுங்குன சாந்து அது. அந்தக் கோடு இருந்தா அந்தப் பகுதியை அப்புறம் யாரும் கலைக்கலன்னு நம்பலாம்.

அடுத்து வளைவோட வடிவத்தைப் பாருங்க. செங்கல்லுலயே விலா எலும்பு மாதிரி ரிப் வச்சு, ரிப்புக்கு நடுவுல மெல்லிசா செங்கல் நிரப்பி, அந்த ரிப்போட ஓரம் சாய்வா சீவுன மாதிரி இருந்துச்சுன்னா 14, 15-ஆம் நூற்றாண்டை மனசுல வச்சுக்கோங்க, நாரிச்ல இது சகஜம். ரிப் எதுவும் இல்லாம பாதி பீப்பாயைக் கவுத்து வச்ச மாதிரி ஒரே நீளமா போச்சுன்னா அதை வச்சு மட்டும் எதுவும் சொல்ல முடியாது, எல்லா காலத்துலயும் அது உண்டு. ஆனா அந்த பீப்பாய் வளைவு உயரம் கம்மியா தட்டையா இருந்து, தெருவுக்கு அடியில போய் நின்னு, மேல நடைபாதையில வட்டமா இரும்பு மூடி இருந்தா அது கரி கொட்டுற அறை, ஜார்ஜ் மன்னருங்க காலத்துல (18-ஆம் நூற்றாண்டு) இருந்து விக்டோரியா காலம் வரைக்கும் ஊருக்கு ஊர் கட்டுனது. இரும்பு உத்தரம் வரிசையா போட்டு ஒவ்வொரு உத்தரத்துக்கும் நடுவுல சின்னச் சின்ன செங்கல் வளைவு இருந்தா அது ஜாக் ஆர்ச், சென்னையில பழைய கட்டடங்கள்ல பாத்திருப்பீங்களே அதேதான். ஷ்ரூஸ்பரில டிதரிங்டன் மில்லுன்னு 1797-ல முடிச்ச கட்டடம்தான் முழுக்க இரும்புச் சட்டத்துல நின்ன முதல் மில்லு, இரும்பு உத்தரத்து மேல இந்த மாதிரி வளைவு அதுக்குப் பிறகுதான் பரவுச்சு. உத்தரம் வார்ப்பிரும்பு இல்லாம உருட்டுன ஸ்டீலா இருந்தா 1880-களுக்கு இந்தப் பக்கம்னு வைங்க, சில உத்தரத்துல கம்பெனி பேரே எழுந்து நிக்கும், தூசியைத் தட்டிட்டுப் பாருங்க.

அளங்க, ஆனா எங்க எப்படி அளக்கறதுன்னு தெரிஞ்சு அளங்க

செங்கல்லுல நீளத்தை விட அகலத்தை விட முக்கியம் கனம், அதாவது உயரம். குறைஞ்சது பத்து கல்லு அளங்க, ஒரே இடத்துல வேணாம், அறை முழுக்க அங்கங்க. ஒவ்வொண்ணையும் எழுதி வைங்க, சராசரியையும் எழுதுங்க, கூடவே ரொம்பச் சின்னது ரொம்பப் பெருசு ரெண்டையும் எழுதுங்க, ஏன்னா கையால செஞ்ச கல்லுல வித்தியாசம் நிறைய இருக்கும், மெஷின் கல்லுல இருக்காது, அந்த வித்தியாசமே ஒரு தடயம்.

சுவத்துல இன்னொரு சுலப வழி உண்டு, நாலு வரி கல்லும் நாலு வரி சாந்தும் சேத்து உயரம் எவ்வளவுன்னு அளங்க. 10 இஞ்ச் பக்கம் வந்தா பழசு. சரியா 12 இஞ்ச் வந்தா விக்டோரியா காலத்துக் கடைசி இல்ல 20-ஆம் நூற்றாண்டா இருக்க வாய்ப்பு அதிகம், 1904-ல ஆர்க்கிடெக்ட் சங்கமும் செங்கல்காரங்களும் ஒத்துக்கிட்ட அளவே நாலு வரிக்கு ஒரு அடிதான். ஆனா இந்தக் கணக்கை வளைவுக் கூரையில போடாதீங்க! வளைவுல கல்லு விசிறி மாதிரி நிக்கும், உள்பக்கம் நமக்குத் தெரியற இடத்துல சாந்து மெல்லிசா நசுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத மேல்பக்கம் தடியா இருக்கும். அதனால கூரையில கல்லோட கனத்தை மட்டும் அளங்க, சாந்து தடிமனை வச்சு முடிவுக்கு வராதீங்க. நான் பாத்த ஒரு வீட்டுல கூரைச் சாந்து மெல்லிசா இருக்குன்னே அதை புதுசுன்னு ஒருத்தர் எழுதி வச்சிருந்தாரு.

இனி கனத்துக்கு என்ன அர்த்தம்னு பாப்போம். 1¾-ல இருந்து 2 இஞ்ச் சில்லறை வரைக்கும், ஒழுங்கில்லாம இருந்தா இடைக்காலம் இல்ல டியூடர் மன்னருங்க காலத்து (1485-1603) ஆரம்பம். 1571-ல எலிசபெத் ராணி காலத்துல லண்டன் செங்கல்காரங்களுக்கு 9-க்கு 4¼-க்கு 2¼ இஞ்ச்னு அளவு வச்சாங்க, அதனால 2¼ பக்கம் வந்தா 16-ஆம் நூற்றாண்டு கடைசியும் 17-ஆம் நூற்றாண்டும். 18-ஆம் நூற்றாண்டு போகப் போக 2½ ஆகுது, 1770-கள்ல வந்த சட்டமே 8½-க்கு 4-க்கு 2½-க்குக் குறையக்கூடாதுன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல கனம் போச்சுன்னா வரியை நினைச்சுக்கோங்க.

இந்த வரிக்கதைதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது. 1784-ல அமெரிக்காவுல நடந்த போர்ச்செலவை ஈடுகட்ட செங்கல்லுக்கு வரி போட்டாங்க, ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். 1794-ல 4 ஷில்லிங், 1803-ல 5 ஷில்லிங். வரி எண்ணிக்கைக்குத்தானே ஒழிய அளவுக்கு இல்ல, அப்ப செங்கல் செய்யறவன் என்ன பண்ணுவான்? கல்ல பெருசாக்குனான். லெஸ்டர்ஷயர்ல மெஷாம்ங்கிற ஊர்ல ஜோசப் வில்க்ஸ்னு ஒருத்தர் சாதாரண கல்லு மாதிரி ரெண்டு மடங்கு பருமனுக்கே போட்டாரு, "ஜம்ப்ஸ்", "கோப்ஸ்"னு இன்னைக்கும் அந்தப் பக்கம் அதுக்குப் பேரு. உடனே 1803-ல சர்க்கார் 150 கன இஞ்சுக்கு மேல போனா ரெட்டை வரின்னுடுச்சு, அதாவது 10-க்கு 5-க்கு 3. ஆக, பருமனா அசாதாரணமா இருக்குற கல்லு அந்தச் சுத்துவட்டாரத்துல உங்க வீட்டுல இருந்தா 1784-க்கும் 1803-க்கும் நடுவுலன்னு கிட்டத்தட்ட கையெழுத்தே போட்டுடலாம். 1850-ல வரியை எடுத்துட்டாங்க. அப்புறம் மெஷின் வந்து 2⅝, வடக்கே 3-க்கு மேலயும் போச்சு. 65 மில்லிமீட்டர்னு சரியா நின்னா அது 1970-க்கு அப்புறம் வந்த மெட்ரிக் கல்லு, யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க.

கனம் ஒண்ண மட்டும் நம்பி வருஷம் சொல்லாதீங்க. ஒவ்வொரு ஊரு சூளையும் ஒவ்வொரு அச்சு வச்சிருந்துச்சு. கனம் ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

கல்லு முகத்தைப் படிங்க

டார்ச்சை கல்லுக்கு நேரா அடிக்காதீங்க, சுவரோட ஒட்டி சாய்ச்சுப் பிடிங்க, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து உரசிக்கிட்டு போகணும். நேரா அடிச்சப்ப மொழுக்குனு தெரிஞ்ச கல்லு இப்ப மேடு பள்ளமா வேற மாதிரி தெரியும். சப்பாத்தி மாவை மடிச்ச மாதிரி மடிப்பு இருந்தா, களிமண்ணை உருட்டி அச்சுக்குள்ள கையால அடிச்ச கல்லு அது. ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு லேசா பள்ளமா விளிம்பு மாதிரி இருந்தா பழைய அச்சோட தடம். அடிமுகம் தெரியற கல்லு எங்கயாவது கிடைச்சா புல்லு, வைக்கோல் பதிஞ்சிருக்கான்னு பாருங்க, வெயில்ல காயப் போட்ட தரையில இருந்து ஒட்டிக்கிட்டு வந்தது. சில கல்லுல நாய்க்கால் தடம் இருக்கும், சிலதுல விரல் ரேகை. அண்ணன் கடையில கூரையோட ஒரு மூலையில கட்டைவிரல் தடம் ஒண்ணு இருந்துச்சு, ஈரக்கல்ல தூக்கி வச்ச ஆளோடது, என் விரலை அதுல வச்சுப் பாத்தேன், என்னுதை விடச் சின்னது. சின்னப் பையனா இருக்கலாம், பொண்ணா இருக்கலாம். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுனேன், அவரும் வச்சுப் பாத்தாரு, கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல.

கல்லு நடுவுல குழி இருக்குல்ல, ஃப்ராக்குன்னு சொல்றது, அது மேல் படுகையிலயோ கீழ் படுகையிலயோ இருக்குறதால கட்டுன சுவத்துல தெரியாது, உதுந்து விழுந்த கல்லு மூலையில கிடந்தா எடுத்துத் திருப்பிப் பாருங்க. குழியே இல்லாம கையால செஞ்ச கல்லுன்னா 18-ஆம் நூற்றாண்டு பாதிக்கு முன்ன இருக்க வாய்ப்பு. ஆழமில்லாம கையால போட்ட குழின்னா 18-ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து. ஆழமா கூர்மையா, உள்ள எழுத்து இருந்தா மெஷின்ல அழுத்துனது, 19-ஆம் நூற்றாண்டு பிற்பாதியும் அதுக்கப்புறமும். குழி இல்லாம, படுகைப் பக்கத்துல கம்பியால அறுத்த மாதிரி இழுப்புக்கோடு இருந்தா வயர் கட், அதுவும் 19-ஆம் நூற்றாண்டு நடுவுக்குப் பிறகுதான். இளஞ்சிவப்பும் சந்தனக் கலரும் பட்டை பட்டையா இருந்தா ஃப்ளெட்டன், பீட்டர்பரோ பக்கத்துக் களிமண்ணு, அந்த மண்ணுலயே எரியற சத்து இருக்குறதால கரி கொஞ்சமா போட்டாலே வேகும், 1880-கள்ல ஆரம்பிச்சு நாடு முழுக்கப் போச்சு. நிலவறையில ஃப்ளெட்டன் பாத்தா அது தடுப்புச்சுவர்தான் பெரும்பாலும்.

கல்ல எப்படி அடுக்கியிருக்காங்க

நீளப்பக்கம் தெரியறது ஸ்ட்ரெச்சர், குறுக்குப்பக்கம் தெரியறது ஹெடர். ஒரு வரி முழுக்க ஸ்ட்ரெச்சர், அடுத்த வரி முழுக்க ஹெடர்னு மாறி மாறி வந்தா இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரியில ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி வந்தா பிளெமிஷ் பாண்ட். இந்த பிளெமிஷ் பாண்ட் இங்கிலாந்துல முழுசா போட்ட ஆரம்பகாலக் கட்டடம்தான் நான் மேல சொன்ன க்யூ பேலஸ், 1631. அதனால உங்க நிலவறைச் சுவர் ஒழுங்கா பிளெமிஷ் பாண்ட்ல இருந்தா அதுக்கு முன்னாடி போக வேணாம், சாதாரண வீட்டுக்கு 1700-க்கு இந்தப் பக்கம்னே வைக்கலாம். ஆனா இங்கிலீஷ் பாண்ட் இருக்குன்னு பழசுன்னு சொல்லிடாதீங்க, பலமான கட்டுங்கறதால நிலவறைக்கும் பாலத்துக்கும் விக்டோரியா காலத்துலயும் அதைத்தான் போட்டாங்க. ஒரு ஒழுங்கும் இல்லாம கண்டபடி இருந்து, நடுவுல சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து கிடந்தா, நார்ஃபோக் பக்கம் அது இடைக்காலமா இருக்கலாம், இங்க கட்டடக்கல் கிடையாது, மண்ணைத் தோண்டுனா சிக்கிமுக்கிக் கல்லுதான்.

சாந்து

மூலையில, யாரும் பூசாத இடத்துல பாருங்க. வெள்ளையா சின்னச் சின்ன கட்டி தெரிஞ்சா சுண்ணாம்புச் சாந்து, சரியா கலக்காத சுண்ணாம்பு அது. நகத்தால லேசா தேச்சா பொடியாகும். சாம்பலும் கரித்துகளும் கலந்து கருப்பா இருந்தா பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு தொழில் நகரம். சாம்பல் கலர்ல கெட்டியா இருந்தா சிமென்ட், போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்குனது 1824-ல, வீட்டுக் கட்டுக்கு சாதாரணமா வந்தது அதுக்கு ரொம்பப் பிறகு.

இங்கதான் ஏமாறுவீங்க. வெளிய தெரியற சாந்து பாயிண்டிங்கா, அதாவது கல்லு இடுக்குல பின்னால மேலாக்க அடைச்சதா இருக்கும், உள்ள இருக்குறது வேற. அண்ணன் கடையில முன்னாடி இருந்தவங்க யாரோ ஆள வச்சு தெருப்பக்கச் சுவர் முழுக்க சிமென்ட் பாயிண்டிங் போட்டு விட்டிருந்தாங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம கல்லு வழியா வந்து உப்பு பூத்து, முகம் தோசை மாதிரி உரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. இருநூறு வருஷம் நின்ன கல்லு சிமென்ட் பட்டு சில வருஷத்துல உதுருது, பாக்கவே வயிறு எரியும். உங்க வீட்டுல பூச வேண்டி வந்தா சுண்ணாம்புச் சாந்துல வேலை தெரிஞ்ச ஆளை மட்டும் கூப்பிடுங்க.

எது எது மேல நிக்குது, எது எதை ஒட்டி நிக்குது

இந்த வேலைதான் உண்மையில வயசு சொல்லும், மத்ததெல்லாம் இதுக்கு உதவி. ஒவ்வொரு மூலைக்கும் போய் ரெண்டு சுவரும் பல்லு விட்டு கோத்துக்கிட்டு நிக்குதா இல்ல மேல இருந்து கீழ நேரா ஒரே கோடா பிரிஞ்சு சும்மா ஒட்டி நிக்குதான்னு பாருங்க. கோத்திருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல கட்டுனது, நேர்க்கோடு இருந்தா ஒண்ணு பின்னால வந்தது. வளைவு சுவத்துல இருந்து கிளம்புற இடத்தை விடாம சுத்திப் பாருங்க. சுவர் ஒரு ரிப்பைப் பாதியில வெட்டிக்கிட்டு நின்னா, சுவர்தான் புதுசு. ஜன்னல் மாதிரி அடைச்ச இடம் இருந்தா அடைச்ச கல்லு புதுசு, சுத்தி இருக்குற கல்லு பழசு. ஒரு படம் போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் குடுத்துடுங்க.

அப்புறம் பழைய கல்ல எடுத்து திரும்ப வச்சு கட்டுற வழக்கம் எல்லா காலத்துலயும் இருந்துருக்கு. மூணு நூற்றாண்டுக் கல்லு ஒரே சுவத்துல கலந்து கிடந்தா, அதுல ரொம்பப் புதுக் கல்லு எதுவோ அதை விட அந்தச் சுவர் பழசா இருக்க முடியாது, கணக்கு அவ்வளவுதான். அது ரிப்பேருக்கு வச்ச கல்லா இல்ல கட்டும்போதே வச்சதான்னு மட்டும் சாந்தைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க.

ஏன் அறை இருக்குற இடத்தையே கூட அப்படியே நம்பக்கூடாதுன்னா ஒரு பெரிய உதாரணம் இருக்கு. லண்டன் ஒயிட்ஹாலில பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்துக்கு அடியில எட்டாம் ஹென்றி ராஜாவோட ஒயின் நிலவறை இருக்கு, அவரோட அமைச்சரா இருந்த கார்டினல் வூல்சிக்காக 16-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டுன செங்கல் வளைவு அறை. புதுக் கட்டடத்துக்கு இடைஞ்சலா இருந்ததுன்னு 1949-ல அந்த அறையையே முழுசா, சுமார் 1,000 டன், 9 அடி மேற்கே தள்ளி கிட்டத்தட்ட 19 அடி கீழ எறக்கி வச்சாங்க. செங்கல் டியூடர் காலத்துது, அது நிக்கிற பள்ளம் நம்ம தாத்தா காலத்துது.

தரையை கடைசியா பாருங்க, ஆனா பாக்காம விட்டுடாதீங்க. அண்ணன் கடையில பருப்பு மூட்டைக்கு அடியில, பிரஷ்ஷால தேச்சப்ப ஒரு கல்லு மேல எழுத்து தெரிஞ்சுது. DRAIN, அதாவது வடிகால்னு முத்திரை. 1826-ல வயல்ல தண்ணி வடிக்க போடற கல்லுக்கு வரி வேணாம்னு விட்டாங்க, ஆனா அந்த வார்த்தையை முத்திரையா குத்தியிருக்கணும், வேற வேலைக்கு அதைப் போடக் கூடாது. வரி போனது 1850-ல. அப்ப அந்தக் கல்லு சூளையில வெந்தது அந்த 24 வருஷத்துக்குள்ளன்னு சொல்லிடலாம், யாரோ வரி கட்டாத கல்ல வயலுக்குப் போக வேண்டியத கொண்டு வந்து இங்க தரைக்குப் போட்டிருக்காங்க, இல்லன்னா எங்கயோ பிடுங்குனத பின்னால போட்டிருக்காங்க. எப்படிப் பாத்தாலும் தரை 1826-க்கு முன்னாடி இல்ல.

காகிதம், அப்புறம் லேப்

கல்லு சொன்னதை காகிதத்தோட வச்சுப் பாருங்க. ஆர்ட்னன்ஸ் சர்வேங்கிற சர்க்கார் மேப் நிறுவனத்தோட பழைய பெரிய மேப் எல்லாம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட்ல காசில்லாம பாக்கலாம், இங்கிலாந்து ஊர்களும் அதுல இருக்கு. உங்க கட்டடம் தேசிய லிஸ்ட்ல இருக்கான்னு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து சைட்ல தேடுங்க, மாவட்டத்து பழம்பொருள் பதிவேட்டையும் பாருங்க, நார்ஃபோக்குக்கு அது ஆன்லைன்லயே இருக்கு. நாரிச்ல வீட்டுப் பத்திரங்கள் 13-ஆம் நூற்றாண்டு கடைசில இருந்தே பதிவு பண்ணி வச்சிருக்காங்க, ஆவணக் காப்பகத்துல கேக்கலாம். லேப்ல செங்கல் கடைசியா எப்ப சூளையில வெந்துச்சுன்னு ஒளிர்வு முறையில கண்டுபிடிக்கலாம், டர்ஹாம் பல்கலைக்கழகத்துல அந்த ஆராய்ச்சி நடந்திருக்கு. ஆனா அது கல்லோட வயசு, சுவரோட வயசு இல்ல, திரும்ப வச்ச கல்லுன்னா ஏமாத்திடும். சாதாரண வீட்டுக்காரங்களுக்கு அது தேவைப்படாது.

எழுதி வைக்கறப்ப ஒரு வருஷத்தைக் குறிக்காதீங்க, ரெண்டு வருஷத்துக்கு நடுவுலன்னு எழுதுங்க, பக்கத்துலயே எதை வச்சு சொல்றீங்கன்னும் எழுதுங்க, பின்னால வர்றவங்க சரி பாக்கட்டும். அண்ணன் கடைக்கு நான் எழுதிக் குடுத்தது ஒரே பக்கம்தான். கூரையும் உள்பக்கச் சுவரும்: சராசரி 2 இஞ்ச், கையால அடிச்ச கல்லு, சாய்வு சீவுன செங்கல் ரிப், சிக்கிமுக்கிக் கல் கலந்த சுவரோட பல்லு கோத்து நிக்குது, 1400-க்கும் 1500-க்கும் நடுவுல. தெருப்பக்கச் சுவரும் படியும்: 2½ இஞ்ச், பிளெமிஷ் பாண்ட், விழுந்து கிடந்த கல்லுல ஆழமில்லாத குழி, கடைசி ரிப்பை வெட்டிக்கிட்டு நிக்குது, 1760-க்கும் 1840-க்கும் நடுவுல. தரை: 1826-க்கு அப்புறம். நான் முதல் நாள் பாத்துட்டு வருஷம் சொன்னது நடுவுல இருக்குற அந்தச் சுவரை மட்டும்தான்.

அந்தப் பக்கத்தோட ஒரு காப்பியை போட்டோவோட சேத்து மாவட்டப் பதிவேட்டுக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன், அனுப்பிட்டாரு. மூட்டையெல்லாம் இப்ப சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி மரப்பலகை மேல அடுக்கியிருக்காரு, சுவத்துக்கும் காத்து வரணும்ல.